கழுவ நேரமுள்ள வீடு

பிளாஸ்டிக்கைக் குறைக்கச் சொல்லும் எந்தப் பேச்சும் வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறது. துணிப்பையைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்க ஒரு ஆள். போணியை எடுத்துக்கொண்டு செக்குக்குப் போக ஒரு ஆள். உளுந்தை ஊறப்போட்டு, ஆட்டி, ஆட்டிய கல்லைக் கழுவிக் கவிழ்க்க ஒரு ஆள். அந்த ஆள் யார் என்று எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் சொல்லத் தேவையில்லாமல் போயிருக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் இது சற்றுக் கூடுதலாகவே உறுத்துகிறது. அங்கே அந்த ஆள் பொழுது விடிவதற்குள் மலையேறிவிடுகிறாள்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று மலையடிவாரத்து ஊர்களில் இருட்டோடு ஜீப்புகள் வந்து நிற்கின்றன. குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, பொழுது சாய்கையில் திரும்ப ஏற்றி வருகின்றன. ஆடியில் காய் எடுப்பு தொடங்கினால் தை வரை ஓயாது. மற்ற மாதங்களில் களை, கவாத்து என்று ஏதாவது இருக்கும். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மடியில் ஒயர் கூடை. அந்தக் கூடையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் விழுந்த பின்னல். கைப்பிடி நைந்த இடத்தில் பழைய சேலைத் துணியைச் சுற்றி இறுக்கியிருக்கும். உள்ளே எவர்சில்வர் தூக்குச்சட்டி, அதன் மேல் துவையலோ ஊறுகாயோ வைத்த சின்னச் சம்படம். பக்கத்தில் எப்போதோ வாங்கிய குளிர்பான பாட்டில். லேபிள் உரிந்து, கீறல் விழுந்து வெளுத்துப்போன அதில் இப்போது குடிதண்ணீர். அடியில் நாலாக மடித்த பாலிதீன் தாள். மழை பிடித்தால் தலையோடு போர்த்திக்கொள்ளவும், ஈரச் செடிக்குள் நுழையும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளவும் அதுதான். கூடை பிளாஸ்டிக், பாட்டில் பிளாஸ்டிக், தாளும் பிளாஸ்டிக். மூன்றில் எதுவும் அன்றைக்குக் குப்பைக்குப் போகப்போவதில்லை. பின்னல் விட்டுப்போனால் கூடையை மறுபடி முடைந்துகொள்வார்கள். தாள் கிழிந்தால் விறகு மேல் மூடக் கிடக்கும். ஒரு பொருளிடம் கடைசி மூச்சுவரை வேலை வாங்கத் தெரிந்தவர்கள் இவர்கள். ஆகவே, பொறுப்பில்லாமல் எறிகிறார்கள் என்று தொடங்கும் எந்த விளக்கமும் இந்த ஜீப்பின் அருகில் நிற்காது.

எறியப்படுவது வீட்டில் கிடக்கிறது. முந்தின இரவு வாங்கிய மாவு கவர். வாய் வெட்டிய பால் கவர். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட்டின் பளபளப்பான உறை. ஒரு வேளைக் குழம்புக்கு வாங்கிய மசாலாப் பொட்டலம், குளித்துவிட்டுச் சுவரில் ஒட்டவைத்த ஷாம்புப் பாக்கெட், ரப்பர் பேண்டு சுற்றிய சாம்பார் கவர். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு உறைக்குள்ளும் யாரோ ஒருத்தி செய்யாமல் விட்ட வேலை இருக்கிறது. மாவு கவருக்குள் ஊறப்போடுவதும் ஆட்டுவதும் கிரைண்டர் கழுவுவதும். மசாலாப் பொட்டலத்துக்குள் மல்லி காயப்போடுவதும் வறுப்பதும் மில்லில் வரிசையில் நிற்பதும். பிஸ்கட் உறைக்குள் காலைப் பலகாரம். அந்த வேலைகளின் நேரம்தான் அவளுக்குத் தூக்கமாகவும் கூலியாகவும் மாறியிருக்கிறது. ஒரு மணி நேரத் தூக்கத்தை உறையோடு சேர்த்து வாங்கியவளிடம் உறையை மட்டும் விட்டுவிடச் சொல்வதில் உள்ள நெருடலைத் தாண்டிப் போக முடியவில்லை.

கிரைண்டர் இல்லாமலில்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தவை பள்ளத்தாக்கின் எத்தனையோ வீடுகளில் இன்னும் இருக்கின்றன. சில ஓடுகின்றன, சில மேல் தட்டில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. ஆட்டுக்கல்லோடு மல்லாடிய கைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனாலும் மாவுக் கடைகள் குறையவில்லை, பெருகின. கல்லைச் சுற்றுவதை மட்டும்தான் இயந்திரம் எடுத்துக்கொண்டது. நினைவு வைத்து ஊறப்போடுவதும், இரவு பத்து மணிக்கு மேல் குழவியைத் தூக்கிக் கழுவுவதும், பொங்கி வழிந்தால் துடைப்பதும் அவளிடமே நின்றுவிட்டன. மாலை ஆறரைக்கு ஜீப்பிலிருந்து இறங்குகிற உடம்புக்கு, தெருமுனையில் கட்டித் தொங்கும் கவர் ஒரு சலுகை.

சட்டம் வேறு இடத்தில் கை வைத்தது. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு தடை செய்த 14 வகைப் பொருட்களில் கைப்பை, தட்டு, தம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், உணவு கட்டும் தாள், கொடி எல்லாம் உண்டு. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1-ல் வந்தது. இடையில் 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இவை வீண் என்று சொல்வது அநியாயம். முதல் சில மாதங்களில் தேனியிலும் கம்பத்திலும் கறிக்கடைக்குத் தூக்குப் போணியோடு வந்தவர்களைப் பார்க்க முடிந்தது. டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கத் தேநீரைச் சவ்வுப் பையில் ஊற்றி நூல் சுற்றிக் கொடுத்த பழக்கம் வெகுவாகக் குறைந்தது. தடை பெரும்பாலும் கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான வழியை ஒழுங்கு செய்தது. மஞ்சப்பையை வீட்டில் கவிழ்த்தால் உள்ளிருந்து விழுபவை எல்லாம் உறை போட்டவையாகவே இருக்கின்றன. அவற்றைக் கடையில் யாரும் தடுப்பதில்லை. தொழிற்சாலையில் ஒட்டி, பெயரும் விலையும் அச்சடித்து வந்தவை. தடை செய்த பையையும் இந்த உறையையும் ஒரே குப்பைத் தொட்டி வாங்கிக்கொள்கிறது; முல்லைப்பெரியாறு வேறுபாடு பார்ப்பதில்லை. இருந்தும், பைக்குப் பொறுப்பு வாங்குகிறவர் மேல், பாக்கெட்டுக்குப் பொறுப்பு தயாரிக்கிறவர் மேல் என்று பிரித்தபின், முதலாமவர் அபராதம் கட்டும் வேகத்தில் இரண்டாமவர் கணக்குக் காட்டுவதில்லை.

சின்னப் பாக்கெட் பிறந்த கதை தமிழ்நாட்டுக் கதை. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், வசதியுள்ளவர்கள் பெரிய டப்பாவில் வாங்குவதைக் கூலியாட்களும் வாங்க வேண்டும் என்று நினைத்துப் பொருட்களைச் சின்ன அளவில் அடைத்தார். ஷாம்புவைப் பாக்கெட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனத்தின் ‘சிக்’ ஷாம்பு, பாக்கெட் வடிவில் கிராமம் கிராமமாகப் போனது. அந்த எண்ணத்தின் நியாயத்தை இன்று மறுக்க முடியாது. அன்றாடம் கூலி வாங்கும் வீடு அன்றாடம்தான் வாங்கும். மாதச் சம்பளக்காரர் ஒரு லிட்டர் புட்டியை வாங்கி அலமாரியில் வைப்பார். தோட்ட வேலைக்காரி சனிக்கிழமை சம்பளத்தில் கடன் போக மிஞ்சியதை வைத்து ஒரு சரம் பாக்கெட்டில் இரண்டைக் கிழித்து வாங்குவாள். சரம் சரமாகப் பெட்டிக்கடையில் தொங்கும் அந்தப் பாக்கெட்டில் ஒரு படலத்தோடு இன்னொன்று ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்க முடியாது; பழைய சாமான் கடைக்காரர் தொடவும் மாட்டார். சமத்துவம் என்று வந்தது, அதை வாங்குகிறவர்களுடைய சாக்கடையிலேயே தங்கிவிட்டது. புட்டி வாங்கியவர் புட்டியைக் காசாக்கிவிடுகிறார். சுருளி அருவிக்கரையில் அமாவாசைக்குப் பிறகு ஒருமுறை நடந்தால் பாறை இடுக்குகளில் இந்தப் பாக்கெட்டுகள் நனைந்து ஒட்டிக் கிடப்பது தெரியும். இவற்றை வீசியவர்களைத் திட்டுவது எளிது. அதே ஷாம்புவை அதே இரண்டு ரூபாய்க்கு வேறெப்படித் தருவது என்று யாரும் இன்னும் காட்டவில்லை.

இன்னொரு சிக்கல் நம்பிக்கை. செக்கடியில் சொந்தப் பாத்திரத்தில் எண்ணெய் பிடித்து வந்த காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் 1998-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்து விற்கப்பட்டது. கைகால் வீங்கும் நோயில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் சமையல் எண்ணெயை உறையிட்டுத்தான் விற்க வேண்டும் என்று ஒன்றிய அரசு ஆணையிட்டது. பாக்கெட் என்றால் கலப்படம் இருக்காது, எடை குறையாது என்ற எண்ணம் வீடுகளில் வேர்விட்டதற்கு இப்படி உண்மையான சாவுகள் பின்னால் இருக்கின்றன. நியாய விலைக் கடையில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பள்ளத்தாக்கில் உறையில்லாமல் பொருள் கொடுக்கும் ஆகப் பெரிய கடை அதுதான். அரிசியும் சர்க்கரையும் தராசுத் தட்டிலிருந்து நேராக வீட்டுப் பையில் விழுகின்றன. உரச்சாக்கைக் கழுவித் தைத்த பை, பழைய பள்ளிக்கூடப் பை, கல்யாணத் தாம்பூலப் பை என்று வரிசையில் நிற்பவர்கள் கையில் எல்லா வகையும் உண்டு. பாமாயில் மட்டும் பாக்கெட்டில். அந்த வரிசையில் அடிக்கடி கேட்கும் முணுமுணுப்பு எடை குறைகிறது என்பது. எடையை நம்ப முடியாதபோது ஒட்டிய பாக்கெட்டே மேல் என்று தோன்றுவதில் என்ன தவறு? உறையைக் குறைக்க வேண்டுமென்றால் தராசு நேராக இருக்க வேண்டும். இதைச் சூழல் பிரச்சினையாக யாரும் பேசுவதில்லை. நுகர்வோர் குறையாக ஒரு மனுவில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

குடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கமும் வருசநாட்டுப் பக்கமும் கோடையில் தண்ணீருக்கு நடந்த பெண்களிடம் பிளாஸ்டிக் குடம் எப்போது வந்தது என்று கேட்டால் முகம் மலரும். பித்தளைக் குடம் தண்ணீர் இல்லாமலே இடுப்பை அறுக்கும். மண்குடம் குழாயடிச் சண்டையில் உடையும். பிளாஸ்டிக் குடம் தவறி விழுந்தாலும் உருண்டு வந்து காலடியில் நிற்கும். ஒரு தலைமுறைப் பெண்களின் முதுகெலும்புக்கு அது செய்த நன்மையை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் பிளாஸ்டிக்கை ஒரே கெட்ட பொருளாகப் பேசும் கட்டுரைகளை அவர்கள் வாசிக்க நேர்ந்தால் மூடி வைத்துவிடுவார்கள். குடம் நெளிந்தால் அடுப்பு வெக்கையில் காட்டி நிமிர்த்துவார்கள், ஓட்டை விழுந்தால் காய்ச்சிய கரண்டியால் ஒட்டுவார்கள். பழைய துணிக்கு, பழைய பிளாஸ்டிக்குக்கு என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் கடைசியில் அதைப் போட்டு வெங்காயமோ பூண்டோ வாங்கிக்கொள்வார்கள். குடமும் உறையும் ஒரே பொருளில் செய்யப்பட்டவை என்பது வேதியியலுக்குச் சரி. ஒன்று உழைப்பைக் குறைத்துவிட்டு வீட்டோடு தங்கியது. மற்றது உழைப்பைக் குறைத்துவிட்டு அன்றே தெருவுக்குப் போகிறது.

தெருவுக்கு எல்லாமும் போவதில்லை. ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் ஈரத்திலும் மருந்து வாடையிலும் நின்று திரும்புகிறவளுக்கு வந்ததும் வெந்நீர் வேண்டும். முற்றத்து ஓரம் கூட்டிவைத்த மூன்று கல்லில் தண்ணீர்ப் பானை. விறகு ஈரமாக இருந்தால் பிடிக்காது. மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. அப்போது கைக்கு எட்டுவது கவர்தான். சுருட்டித் தீக்குச்சி வைத்தால் நீலமாகப் பற்றி, சொட்டுச் சொட்டாக உருகி விறகில் ஒட்டி எரியும். ஒரு சொட்டு சாம்பலில் விழும்போது ‘சுர்’ என்ற சத்தம். புகை முதலில் இனிப்பாகவும் பிறகு தொண்டையைப் பிடிப்பதாகவும் இருக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதுவாள். கவரோடு உடைந்த குழாய்த் துண்டோ செருப்பு வாரோ போகுமானால் குளோரின் கலந்த பிவிசி எரிந்து டயாக்சின் போன்ற நஞ்சுகள் உண்டாகும். பள்ளத்தாக்கின் பிளாஸ்டிக் எங்கே போகிறது என்று வரைபடம் போடுகிறவர்கள் ஆற்றையும் குப்பைக்கிடங்கையும் குறிக்கிறார்கள். அந்தி நேரத்து முற்றங்களில் குனிந்து ஊதும் நெஞ்சுகளுக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை. ஆகக் கெட்ட உபயோகம் இதுதான். இதை நிறுத்த ஒரு காய்ந்த தென்னம்பாளை போதும், ஆனால் அதைப் பொறுக்கி வந்து காயவைத்து மழை படாமல் அடுக்கவும் பகலில் ஒரு ஆள் வேண்டும்.

பால் கவர் தனி. எந்த வீட்டிலும் நாள் அதில்தான் தொடங்குகிறது. கத்தரிக்கோல் வைத்து மூலையைத் துண்டாக வெட்டினால், விரல்நுனி அளவு அந்த முக்கோணம் எங்கே விழுந்தது என்று யாரும் தேடமாட்டார்கள். அது குப்பை பொறுக்குகிறவர் கைக்கும் சிக்காது, சாக்கடைக் கம்பிவலையிலும் நிற்காது. மூலையை முழுதாக அறுக்காமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்க வெட்டினால் கவரோடு சேர்ந்தே இருக்கும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைப் பாலிலேயே ஊற்றிவிட்டு, கவரைச் சுவரில் அறைந்தாற்போல் ஒட்டிக் காயவிடலாம். இருபது முப்பது சேர்ந்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் இப்படிப்பட்ட கழிவைச் சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து, அதற்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தச் சாலைகளுக்கும் கவர் சுத்தமாக வந்து சேர வேண்டும். வெட்டும் முறையை மாற்றுவதற்கு நேரம் ஆகாது, அதை எல்லா வீட்டிலும் உடனே கேட்கலாம். அலசிக் காயவைப்பதற்கு ஆகும். சிறியதுதான், ஆனால் சிறியவை அனைத்தும் ஒரே ஆளின் கணக்கில் எழுதப்படுகின்றன.

துணிபோலவே தோன்றும் தாம்பூலப் பை ஒன்று இருக்கிறது. மண்டபத்து வாசலில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுப்பார்கள். கையில் தொட்டால் மெத்தென்று இருக்கும், துவைத்தால் பொடிப்பொடியாக உதிரும். ஒரு மூலையை நெருப்பில் காட்டினால் கருகாமல் உருகிச் சுருளும். அதுவும் பாலிப்ரொப்பிலீன்; அதுவும் 2019-ன் பட்டியலில் இருக்கிறது. காகிதக் கப்பும் அப்படித்தான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் தேநீர் நிற்காது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண் துகள்கள் கலக்கின்றன என்று கண்டார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் ஆயிரங்கண் பானையும் தீச்சட்டியும் மண்ணில்தான் செய்யப்படுகின்றன. சுமந்து வருகிறவருக்கு வழியில் மோர் கொடுப்பது காகிதக் கப்பில். முன்பு பந்தலில் எவர்சில்வர் தம்ளர் இருந்தது, கழுவ ஒரு அண்டாவும் ஆளும் இருந்தார்கள். இப்போது கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கழுவ ஒருவர் இல்லை. கழுவுகிற வேலை புண்ணியக் கணக்கில் சேராமல் போனது எப்போது என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் இலை விளையும் பள்ளத்தாக்கு இது. சின்னமனூரைச் சுற்றிக் கண் எட்டும் தூரம் வாழை. அறுத்த இலைக்கட்டு அதிகாலையில் சைக்கிளிலும் வேனிலும் போகிறது. வாழைமட்டையைக் கிழித்தால் நார். சீலையம்பட்டிப் பூச்சந்தையில் ஒரு காலத்தில் பூவும் இலைக்குள்தான் இருந்தது. இன்று பாலிதீன் கவரில் வைத்தால் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வாடாது என்கிறார்கள், அது உண்மையும்கூட. அதே வாழைத் தோட்டத்தில் தார் விட்டதும் நிறம் கெடாமலிருக்க உறை மாட்டுகிறார்கள்; ஏற்றுமதிக்குப் போகும் பச்சை வாழைக்கு அது இல்லாமல் விலை இல்லை. போடியில் ஏலம் போகும் ஏலக்காயின் பச்சை நிறம் மாறாமலிருக்கச் சாக்குக்குள் பாலிதீன் பை வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பிளாஸ்டிக் பெட்டியில்தான் ஊரைத் தாண்டுகிறது. பள்ளத்தாக்கின் வருமானத்துக்கே பிளாஸ்டிக் அடியில் விரிந்திருக்க, ஒரு வீட்டுச் சமையலறையை மட்டும் தூய்மைப்படுத்திக் காட்டச் சொல்வது எவ்வளவு தூரம் போகும்? போகாது என்று விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. இலையில் இட்லி மடித்தவர் கை வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வாட்டிய இலை, அதன் மேல் செய்தித்தாள், ஒரு சுற்று நூல், பத்து நொடி. சாம்பாருக்குத்தான் தடுமாற்றம். இட்லி இலையில் வரும். சாம்பார் ஒரு பாத்திரத்தைக் கேட்கும். பாத்திரத்தைக் கொண்டுபோக வேண்டியவர் யார் என்பதில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது.

கடைக்குப் போவது பெரும்பாலும் ஆண். சாயங்காலம் இருசக்கர வண்டியின் கைப்பிடியில் நாலு கவர் ஊசலாட வருகிறவர் அவர்தான். வண்டியின் இருக்கைக்கடியில் ஒரு துணிப்பையும், கொக்கியில் ஒரு தூக்குவாளியும் வைத்துக்கொள்ள அவருக்கு நேரம் தேவையில்லை. தேவையில்லாத வெட்கம்தான் தடுக்கிறது. மஞ்சப்பையோடு வருகிறவரைப் பட்டிக்காட்டான் என்று சினிமா பல ஆண்டுகள் சிரித்துக் காட்டியது. போணியோடு கடை வாசலில் நிற்பது பெண்ணுக்கும் பிள்ளைக்கும் உரிய காட்சி என்று ஊர் வைத்திருக்கிறது. ‘கவர்லயே குடுத்துருங்கண்ணே’ என்று ஒருவர் சொல்வதற்குப் பின்னால் சோம்பலைவிட இந்தக் கூச்சமே அதிகம். வாங்கி வந்தபின் மாவுப் போணியைக் கழுவி வைப்பதும் அவரால் முடியும். பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணிகளில் பள்ளிப் பிள்ளைகளையும் மகளிர் குழுக்களையும் பதாகையோடு நடக்க வைப்பதைவிட, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் இதைப் பேசுவது பயன் தரும். வீட்டு வேலை சமமாகப் பிரியாத வீட்டில் பிளாஸ்டிக் குறைந்தால், அந்தக் குறைவுக்கு விலை கொடுப்பது பெண்ணின் உறக்கம்தான். அப்படி வரும் குறைவு நிலைக்கவும் செய்யாது. மறு வாரம் காய்ச்சலோ கூடுதல் வேலையோ வந்தால் கவர் திரும்பிவிடும்.

மலைக்கு மேலே நிலைமை மாறிவருகிறது. கேரளம் 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தேக்கடி, மூணாறு, வாகமண் உள்ளிட்ட மலைச் சுற்றுலா இடங்களில், சிறிய குடிநீர்ப் பாட்டில் உட்பட, அக்டோபர் 2 முதல் தடை என்று உத்தரவிட்டது. தேக்கடிக்குப் போகும் சுற்றுலாக்காரர் கையில் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதே மலைக்குத் தினமும் ஏறும் தோட்டக்காரியிடம் இருப்பது வருடக் கணக்கில் நிரப்பிக் குடிக்கும் பாட்டில். வெளியே, உலகம் பிளாஸ்டிக் குறித்த ஒரு உடன்படிக்கைக்காக 2022-லிருந்து பேசிவருகிறது; 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியவர்கள், உற்பத்திக்கு வரம்பு வைப்பதா, கழிவை மட்டும் கையாள்வதா என்பதில் உடன்பாடு காணாமல் கலைந்தார்கள். உற்பத்தியைத் தொடாமல் கழிவை மட்டும் பேசும் வாதம் எங்கே போய் முடிகிறது என்பது உத்தமபாளையத்து வீட்டு முற்றத்தில் தெரியும். கடைசியில் அதைக் கழுவுகிறவர் அல்லது எரிக்கிறவர் கையில்.

பிளாஸ்டிக்கை மனத்தில் வைக்காமல் செய்த ஒரு காரியம் அதைக் குறைத்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். ஜீப் ஏறும் தாய்மார்கள் உள்ள பள்ளத்தாக்கில் அதன் பொருள் வேறு. முன்பு ஐந்து ரூபாய் பிஸ்கட்டோடு பள்ளிக்குப் போன பிள்ளை, இப்போது உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறது. சாம்பார் அண்டாவிலிருந்து கரண்டியில் விழுகிறது. தட்டைக் குழாயடியில் கழுவிக் கவிழ்ப்பதும் பிள்ளைகள்தான், ஆணும் பெண்ணுமாக. சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள். அவர்களும் இருட்டில் எழுந்து வருகிறவர்களே, ஆனால் அந்த வேலைக்கு ஊதியம் உண்டு. பத்து வீடு தனித்தனியாக உறை பிரிப்பதற்குப் பதில் ஓரிடத்தில் உலை கொதிக்கிறது. ஊருக்கு ஒரு பொதுக் கிரைண்டர், அங்கே போணியில் மாவு. தோட்டத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு பொது வெந்நீர்க் கொப்பரை. எடை குறையாத ஒரு கூட்டுறவுக் கடையில் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் குழாய் வைத்த பீப்பாய். இவற்றுக்கு ஆகும் செலவு பேரணிக்கும் பதாகைக்கும் ஆவதைவிட அதிகம் என்பது உண்மை. வீட்டுக்குள் இருக்கும் ஒரு ஆளின் நேரத்தை இலவசம் என்று எண்ணுவதால்தான் அந்தச் செலவு பெரிதாகத் தெரிகிறது.

காலை உணவு பள்ளி வேலை நாட்களில் மட்டும். சனிக்கிழமை பெரும்பாலும் பள்ளி இல்லை, ஜீப் உண்டு; அன்றுதான் கூலிக் கணக்கும் முடிப்பார்கள். பெட்டிக்கடைக்காரரைக் கேட்டால் அன்று காலை பிஸ்கட் சரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்வார். அந்த ஒரு காலைக்கு உப்புமா கிண்ட என்ன வழி என்று ஊராட்சிக் கூட்டத்தில் யாராவது கேட்கலாம்.